கதவு திறந்த சேகரம்: லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் வரலாறு

லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில், தேசிய ஓவியக்கூடத்துக்கும் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கும் நடுவில் இருக்கிறது செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயம். இங்கிலாந்து திருச்சபையின் சேகர ஆலயங்களில், அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்குரிய ஆலயங்களில் ஒன்று, பேராலயம் அல்ல. பக்கிங்காம் அரண்மனை இதன் எல்லைக்குள் வருகிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்துக்கும் இதுவே சேகர ஆலயம். இதே ஆலயத்தின் நிலவறையிலும் அதை ஒட்டிய கட்டடங்களிலும் நூறாண்டுக்கும் மேலாக வீடில்லாதவர்கள் வந்து ஒதுங்கியிருக்கிறார்கள். எப்போதும் கதவு திறந்திருக்கும் ஆலயம் என்று ஆங்கில உலகத்தில் இதற்குப் பெயர். அந்தப் பெயர் வந்தது 1914-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், யார் இந்தச் சேகரத்தைச் சேராதவர் என்று விசாரித்து வெளியே அனுப்புவது இதன் அதிகாரிகளுடைய அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது.

பெயரில் வரும் வயல்கள் ஒருகாலத்தில் உண்மையாகவே இருந்தவை. கிழக்கே மதில் சூழ்ந்த லண்டன் நகரம், தெற்கே வெஸ்ட்மின்ஸ்டர் மடம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் சிறிய கோயிலாக இது இருந்தது. 1222-இல் லண்டன் பேராயருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதிக்கும் இந்தக் கோயில் யாருக்குக் கட்டுப்பட்டது என்று வழக்கு எழுந்து, தீர்ப்பு மடத்தின் பக்கம் போனது. எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு அதுதான். இடத்தின் பழமை அதையும் தாண்டியது. 2006-இல் புதுப்பிப்புக்காகத் தோண்டியபோது, கி.பி. 410-ஐ ஒட்டிய காலத்து ரோமானியக் கல் சவப்பெட்டி ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தது.

ஆலயத்தின் பெயருக்குரிய புனிதர் மார்ட்டின் நான்காம் நூற்றாண்டு ரோமப் படைவீரர். ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரர் ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. அவருடைய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளும் அதுவாகவே அமைந்தது பிற்காலத்தில் இந்தச் சபைக்குப் பொருள் பொதிந்த பொருத்தமாகப் பட்டது. மேலங்கிக் கதைக்கும் சேகரத்தின் ஆரம்பகால நடப்புக்கும் பெரிய தொடர்பில்லை. 1542-இல் எட்டாம் ஹென்றி ஆலயத்தைப் புதிதாகக் கட்டி, சேகரத்தின் எல்லையையும் விரித்தார். அதற்குக் கொள்ளைநோய்ப் பயமே காரணம் என்பார்கள். நோயில் விழுந்தவர்களையும் இறந்தவர்களையும் வைட்ஹால் அரண்மனை வழியாக வெஸ்ட்மின்ஸ்டருக்குத் தூக்கிப்போகக் கூடாது. அவர்களை இந்தப் பக்கமே வைத்துக்கொள்ள ஓர் ஆலயமும் ஒரு கல்லறைத் தோட்டமும் வேண்டியிருந்தன.

பதினேழாம் நூற்றாண்டில் வயல்கள் வீடுகளாயின. லண்டன் மேற்கு நோக்கி வளர்ந்த வேகத்தில், ஒரே சேகரத்தால் சமாளிக்க முடியாமல் கோவென்ட் கார்டன், சோஹோ, பிக்கடில்லி என்று புதிய சேகரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோயின. அப்படியும் செயின்ட் மார்ட்டினில் கூட்டம் குறையவில்லை. பிரபுக்களின் மாளிகைகளும் வண்டிக்காரர்களின் சந்துகளும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்த பகுதி அது. 1680-களில் சேகர குருவாக இருந்த தாமஸ் டெனிசன் கொஞ்சம் வித்தியாசமானவர். லண்டனின் முதல் பொது நூலகம் என்று சொல்லப்படும் ஒன்றை இந்தச் சேகரத்தில் திறந்தார். 1687-இல் நடிகை நெல் க்வின் இறந்தபோது அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்ததும் அவர்தான். நாடகக் கொட்டகையில் ஆரஞ்சு விற்றுப் பிறகு மேடை ஏறி, இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆசைநாயகியானவர் நெல் க்வின். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன குரு என்ற புகார், சில ஆண்டுகள் கழித்து டெனிசனுக்குப் பேராயர் பதவி கிடைக்கவிருந்த சமயத்தில் அரசி மேரியின் காதுவரை போனது. அரசி அதைப் பொருட்படுத்தவில்லை. டெனிசன் பின்னால் கான்டர்பரியின் தலைமைப் பேராயராகவே ஆனார்.

இன்று காணும் கட்டடம் 1722-இல் தொடங்கி 1726-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வரைந்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், ரோமில் படித்தவர், கத்தோலிக்கர். கத்தோலிக்கர்களுக்கு அரசுப் பதவி மறுக்கப்பட்ட காலத்தில் ஆங்கிலிக்க ஆலயத்தின் வேலை அவரிடம் வந்தது கவனிக்கத்தக்கது. கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண் வரிசை முகப்புக்குப் பின்னால், கூரையின் மேல் 192 அடி உயரக் கோபுரத்தை நிறுத்தினார். கோயில் முகப்பும் கிறிஸ்தவக் கோபுரமும் ஒட்டவில்லை என்று அன்றைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 1728-இல் கிப்ஸ் வெளியிட்ட கட்டடக்கலை நூல் வழியாக அதே வடிவம் அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் ஊர் ஊராகப் பரவியது. கிழக்கே சென்னைக்கும் வந்தது. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம், பலரும் ‘கிர்க்’ என்று சொல்வது, மேஜர் டி ஹாவிலேண்ட் இதை முன்மாதிரியாக வைத்து எழுப்பியது. செயின்ட் மார்ட்டினுக்கு முதலில் வட்ட வடிவம்தான் கிப்ஸ் வரைந்து காட்டினார். செலவு அதிகம் என்று சேகரத்தார் மறுத்துவிட்டார்கள். எழும்பூர் ஆலயத்தின் உட்கூடம் வட்டமாக, நீல விதானத்தோடு இருக்கிறது. சதுப்பு மண்ணில் பாரம் தாங்குவதற்காகக் கிணறுகள் இறக்கி அஸ்திவாரம் போட்ட அந்த ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு லண்டன் ஆலயத்தின் முகப்பு அந்நியமாகத் தெரியாது.

செயின்ட் மார்ட்டின் கட்டுவதற்கு ஆன செலவு ஏறத்தாழ 33,000 பவுண்டு. முதலாம் ஜார்ஜ் மன்னர் சில காலம் பெயரளவில் இதன் சர்ச் வார்டனாக இருந்து, ஆர்கன் வாத்தியம் ஒன்றையும் கொடுத்தார். முகப்பின் முக்கோணத்தில் செதுக்கியிருப்பது சிலுவையல்ல, அரச இலச்சினை. பீடத்தின் ஒரு பக்கம் மேலே அரச குடும்பத்துக்குத் தனி மாடம், மறுபக்கம் கடற்படைத் தலைவர்களுக்கு மாடம். யார் எங்கே உட்காரலாம் என்பதைக் கட்டடமே சொன்னது.

கட்டடத்துக்கு வெளியே அதைவிடக் கறாரான கணக்கு நடந்தது. அந்தக் காலத்துச் சேகரம் ஆராதனைக்கான சபை மட்டுமில்லை; வரி வசூலிக்கும், தெருக்காவல் நடத்தும், ஏழைகளுக்குப் படியளக்கும் உள்ளூர் அரசாங்கமும் அதுதான். ஏழைக்கு உதவுவது சேகரத்தின் சட்டக் கடமை. யாருடைய ஏழை என்பதுதான் சண்டை. 1662-இல் வந்த குடியிருப்புரிமைச் சட்டப்படி, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் புதிதாகக் குடிவந்தவர் பிற்காலத்தில் சேகரத்துக்குச் சுமையாவார் என்று தோன்றினால், 40 நாட்களுக்குள் முறையிட்டு அவரைச் சொந்தச் சேகரத்துக்குத் திருப்பி அனுப்பலாம். உதவி கேட்டு வந்தவரை நீதிபதிகள் முன் நிறுத்திச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் கற்றாய், ஓராண்டு முழுதாக ஒரே வீட்டில் வேலை செய்திருக்கிறாயா, கணவன் எந்த ஊர்? செயின்ட் மார்ட்டின் சேகரத்தின் விசாரணைப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில வரிகளில் முடியும் வாழ்க்கை வரலாறு, பெரும்பாலும் பெண்களுடையது. கல்யாணமாகாத கர்ப்பிணி என்றால் விசாரணை இன்னும் அவசரப்பட்டது. குழந்தை இங்கே பிறந்துவிட்டால் அது இந்தச் சேகரத்தின் செலவு.

விசாரணையில் தேறியவர்களுக்கு உதவி உண்டு. அதற்கும் அடையாளம் உண்டு. 1697-இல் வந்த சட்டம், உதவி பெறுகிறவர் வலது தோளில் சேகரத்தின் முதலெழுத்தையும், ஏழை என்பதைக் குறிக்கும் எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆலயம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1725-இல், பக்கத்தில் ஓர் ஏழையர் வேலைக்கூடமும் எழுந்தது. அது நின்ற நிலம் பிற்பாடு தேசிய ஓவியக்கூடத்தின் விரிவாக்கத்துக்குப் போனது.

இந்த ஏற்பாட்டின் கொடிய முகம் 1742 ஜூலையில் தெரிந்தது. ஆலயத்தை ஒட்டி, சேகரக் காவலர்கள் பிடித்தவர்களை விடியும்வரை அடைத்துவைக்கும் காவல்கொட்டடி ஒன்று இருந்தது. ஒரு புழுக்கமான இரவில், ஒழுங்கற்றவர்களைப் பிடிக்கிறோம் என்று கிளம்பிய காவலர்கள் தெருவில் எதிர்ப்பட்ட பெண்களையெல்லாம் இழுத்துவந்து சிறு அறையில் திணித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். கதவும் சன்னலும் மூடியிருந்தன. தண்ணீர் கேட்டுக் கத்தியது தெருவரை கேட்டிருக்கிறது. விடிந்து பார்த்தபோது நான்கு பெண்கள் மூச்சுமுட்டி இறந்துகிடந்தார்கள். இறந்தவர்களில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த உழைப்பாளிப் பெண்களும் உண்டு என்று தெரிந்ததும் லண்டன் கொதித்தது. ஜனங்கள் கொட்டடியைக் கல்லால் அடித்தார்கள். கொட்டடிக் காவலாளி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, முடிவில் நாடு கடத்தும் தண்டனை பெற்றார். எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தன் கடிதம் ஒன்றில் ஆத்திரத்தோடு எழுதியதால் செய்தி இன்றுவரை நிலைத்திருக்கிறது. இந்த ஆலயத்தின் கதவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் பக்கத்திலிருந்த இந்தக் கதவையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு சேகரத்தின் முகத்தை மாற்றியது. ஆலயத்தின் எதிரே நெருக்கியடித்திருந்த வீடுகளை இடித்து ட்ரஃபால்கர் சதுக்கத்தை அமைத்தார்கள். 1840-களில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1864-இல் சேரிங் கிராஸ் ரயில் நிலையம் வந்தது. ஏழையர் சட்ட நிர்வாகமும் காவலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரத்தின் கையைவிட்டு அரசாங்க அமைப்புகளுக்குப் போயின. நிலவறையில் அடக்கம் செய்வதும் சுகாதாரச் சட்டங்களால் நின்றது. குடியிருந்தவர்கள் புறநகர்களுக்குப் போக, நாள் முழுக்க லட்சம் பேர் கடந்துபோகும் சந்திப்பில் ஆலயம் ஆளில்லாமல் நின்றது. ஊரார் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை, வழிப்போக்கர்கள்தான் மிச்சம். இந்த மாற்றம் இல்லாமல் அடுத்து வந்தது நடந்திருக்காது.

1914 நவம்பரில் சேகர குருவாகப் பொறுப்பேற்றவர் ஹியூ ரிச்சர்ட் லாரி ஷெப்பர்ட். எல்லாருக்கும் அவர் டிக் ஷெப்பர்ட். வயது 34, வின்ட்சர் அரண்மனை வட்டாரத்தில் பிறந்து, லண்டனின் ஏழ்மையான பெத்னல் கிரீனில் தொண்டு செய்து பழகியவர், ஓயாத ஆஸ்துமாக்காரர். பொறுப்பேற்பதற்குமுன் சில வாரங்கள் பிரான்ஸில் போர்க்கள மருத்துவமனையில் இருந்து, சாகிற சிப்பாய்களின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். முதல் பிரசங்கத்தில் அவர் விவரித்தது ஒரு காட்சி: சதுக்கத்தில் நிற்கும் பெரிய ஆலயம், இரவும் பகலும் எல்லாத் தரத்து மக்களும் அதன் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். இந்தப் பிரசங்கத்தைச் சபை பிற்காலத்தில் தன் அடித்தள ஆவணம் போலவே வைத்துக்கொண்டது.

அதை நடைமுறையாக்கியது போர். பிரான்ஸிலிருந்து விடுப்பில் வரும் சிப்பாய்களை ராத்திரி ரயில்கள் சேரிங் கிராஸில் இறக்கிவிடும். சொந்த ஊருக்கு அடுத்த ரயில் காலையில்தான். ஷெப்பர்ட் ஆலயத்தை இரவு முழுக்கத் திறந்து வைத்தார். சேறு காயாத காலணியோடு அவர்கள் பெஞ்சுகளில் படுத்துத் தூங்கினார்கள். எந்தச் சபை, எந்த ஊர், ஜெபிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. போர் முடிந்ததும் அதே ஆட்கள் வேலையில்லாமல், இருக்க இடமில்லாமல் திரும்பி வந்தார்கள். பிரபுக்களின் சவப்பெட்டிகள் இருந்த நிலவறை அவர்களுக்கு இரவுத் தங்குமிடமாயிற்று. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஷெப்பர்ட் புதிய இறையியல் எதையும் உண்டாக்கவில்லை. அவருடைய புத்தகங்களில் ஆழம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் செய்தது நிர்வாக மாற்றம். கதவு எப்போது பூட்டப்படும், பெஞ்சில் யார் படுக்கலாம், ஆராதனை எவ்வளவு எளிய வார்த்தையில் நடக்கும் என்பதையெல்லாம் மாற்றினார். சேகரத்தின் குணம் அதோடு மாறியது.

1924 ஜனவரி 6 அன்று பிபிசி முதன்முதலாக ஓர் ஆலயத்திலிருந்து முழு ஆராதனையை ஒலிபரப்பியது. அந்த ஆலயம் இதுதான். பிபிசி வானொலிக்கு அப்போது வயது ஒன்றரைகூட ஆகவில்லை. திருச்சபைத் தலைவர்களுக்கு அதன்மேல் சந்தேகம். அதற்கு முந்தைய ஆண்டு அரச குடும்பத் திருமணம் ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து ஒலிபரப்ப அனுமதி மறுத்ததற்கு, மதுக்கடைகளில் தொப்பி போட்டபடியே ஆண்கள் அதைக் கேட்பார்கள் என்ற கவலையும் ஒரு காரணம். ஷெப்பர்டுக்கு அந்தக் கவலை இல்லை. மதுக்கடையில் இருப்பவரும் கேட்கட்டும் என்பதுதான் அவர் விருப்பம். மாதந்தோறும் தொடர்ந்த அந்த ஒலிபரப்புகளால் கடிதங்கள் குவிந்தன. படுத்த படுக்கையாய் இருந்தவர்கள், ஆலயத்தோடு மனக்கசப்பில் இருந்தவர்கள், தொலைதூரக் கிராமத்தார் எல்லாரும் தங்களையும் செயின்ட் மார்ட்டின் சேகரத்தார் என்று கருதத் தொடங்கினார்கள். 1920-களிலேயே தொடங்கிய கிறிஸ்துமஸ் காணிக்கை வேண்டுகோள் பிபிசியில் இன்றும் டிசம்பர்தோறும் வருகிறது. அதன் பணம் வீடற்றவர்களுக்குப் போகிறது.

ஷெப்பர்ட் 1926-இல் உடல்நலம் கெட்டு விலகினார். அவருடைய கடைசிப் பத்தாண்டு போர் எதிர்ப்பில் போனது. 1932-இல் ஷாங்காயில் மோதிக்கொண்டிருந்த ஜப்பானிய, சீனப் படைகளுக்கு நடுவே ஆயுதமில்லாத தொண்டர்கள் போய் நிற்கலாம் என்று மாட் ராய்டன் முதலானவர்களோடு சேர்ந்து முன்வந்தார். 1934-இல் இனி எந்தப் போரையும் ஆதரிப்பதில்லை என்ற உறுதிமொழியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும்படி கேட்டார். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அதிலிருந்து அமைதி உறுதிமொழிச் சங்கம் உருவானது. 1937-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ரெக்டர் தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்து ஷெப்பர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாட்களில், அக்டோபர் 31 அன்று, எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே இறந்தார். இரண்டாண்டில் வந்த உலகப் போர் அவருடைய இயக்கத்தைச் சிதறடித்தது. ஹிட்லரை அஞ்சலட்டையால் நிறுத்த முடியாது என்று அன்றே கேட்டவர்களுக்கு அவரிடம் திருப்தியான பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடற்படையின் சேகர ஆலயத்தோடு போர் மறுப்பாளர் ஒருவரின் பெயர் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது மட்டும் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரில் நிலவறை குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கும் இடமானது. கிழக்குச் சன்னலின் கண்ணாடி சிதறியது. 1948-இல் வீடற்றவர்களுக்கான சமூகசேவைப் பிரிவு முறையாக அமைந்தது. 1956 முதல் 1984 வரை குருவாக இருந்த ஆஸ்டின் வில்லியம்ஸ் காலத்தில், ஊரில் புதிதாக எந்த அக்கறை கிளம்பினாலும் அதற்கு முதல் கூட்டம் போட இடம் கொடுப்பது இந்த ஆலயத்தின் பழக்கமாகவே ஆகிவிட்டது. போர்த்துகல் மாணவர்கள் சிறைப்பட்ட செய்தியைப் படித்த வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன், ரயிலிலிருந்து இறங்கி இந்த ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்து யோசித்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1961-இல் பிறந்த ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் இயக்கத்தின் தொடக்கக் கதையாக அது சொல்லப்படுகிறது. 1966 டிசம்பர் 1 அன்று, வீடற்றோர் நிலையைக் காட்டிய தொலைக்காட்சி நாடகம் ஒன்று நாட்டை உலுக்கி இரண்டு வாரம் ஆன நிலையில், ‘ஷெல்ட்டர்’ என்ற வீட்டுவசதி இயக்கம் இங்கே தொடங்கிவைக்கப்பட்டது. நெவில் மேரினர் 1958-இல் அமைத்த இசைக்குழு இந்த ஆலயத்தின் பெயரையே வைத்துக்கொண்டு, இசைத்தட்டு வழியாக உலகமெங்கும் போனது. இசை ரசிகர்கள் பலருக்கு ஆலயத்தைவிட இசைக்குழுவே அறிமுகம்.

தெருவுக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்கத் தூதரகம். இனவொதுக்கல் ஆண்டுகளில் அந்த நடைபாதை போராட்டக் களம். 1986 ஏப்ரலில் தொடங்கி மண்டேலா விடுதலையான 1990 பிப்ரவரி வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், இரவு பகல் பாராமல் அங்கே மறியல் நடந்தது. ஆலயத்தில் அதற்கு முன்பிருந்தே இனவொதுக்கலுக்கு எதிரான ஆராதனைகளும் விழிப்புகளும் நடந்துவந்தன. சோஹோ உணவகங்களில் வேலை செய்ய ஹாங்காங்கிலிருந்து வந்தவர்களுக்காக 1960-களில் தொடங்கிய சீனச் சபை வேறு வகை வரவேற்பு. கான்டனீஸ் மொழியில், பின்னர் மாண்டரினிலும், அவர்களுக்கெனத் தனி ஆராதனை. முதியவர்களுக்குப் பகல்நேர மையம். வந்தவர்கள் ஆங்கிலேயராக மாற வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும்? 1980-களின் நடுவில் இந்தக் கேள்வி ஆலயத்தை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது. புதிய குரு ஜெஃப்ரி பிரவுன் 1987-இல் வணிகத்தில் இறங்கினார். நிலவறையில் உணவகம், கடை. மேலே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கச்சேரிகள். கல்லறைக் கற்கள் பாவிய தரையில், செங்கல் வளைவுகளுக்குக் கீழே மேசை போட்டு சூப்பும் ரொட்டியும் விற்றார்கள். தேவாலயத்தில் வியாபாரமா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? சுவிசேஷத்தில் காசுக்காரர் மேசைகளைக் கவிழ்த்த கதை எல்லாருக்கும் தெரியுமே. லாபம் சபைக்கும் தொண்டுக்கும் போகிறது என்பதுதான் சேகரத்தின் பதில். 2008-இல் 3.6 கோடி பவுண்டு செலவில் முடிந்த பெரும் புதுப்பிப்பில் நிலத்தடி இடங்கள் விரிவடைந்தன. அதற்குள், 2003-இலேயே, வீடற்றோர் பணி ‘கனெக்‌ஷன்’ என்ற பெயரில் தனித் தொண்டு நிறுவனமாகியிருந்தது. வணிகத்தை நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் 2020-இல் பெருந்தொற்றின்போது வெளிப்பட்டது. உணவகமும் கச்சேரியும் நின்றதும் வருமானம் நின்றது. ஊழியர் பலர் வேலை இழந்தார்கள்.

சபை தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதை இரண்டு கலைப்படைப்புகள் காட்டுகின்றன. முகப்பில் மைக் சாப்மன் செதுக்கிய ஒரு பெரிய கற்பாளம். அதன் மேற்பரப்பில் அப்போதுதான் பிறந்த குழந்தை, தொப்புள்கொடியோடு, முரட்டுக் கல்லிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் கிடக்கிறது. உள்ளங்கை அளவுப் பாதங்களைக் குனிந்துதான் பார்க்க முடியும். மற்றொன்று, போரில் உடைந்த கிழக்குச் சன்னலுக்காக ஈரானில் பிறந்த கலைஞர் ஷிராசே ஹூஷியாரி 2008-இல் வடிவமைத்தது. வண்ணக் கண்ணாடி கிடையாது, புனிதர் உருவங்கள் கிடையாது. நிறமற்ற கண்ணாடி, நடுவில் சற்றே சாய்ந்த முட்டை வடிவம், அதைச் சுற்றி வளைந்து விலகும் எஃகுக் கோடுகள். தண்ணீரில் தெரியும் சிலுவை போலத் தோன்றும் என்று சிலர் சொல்வார்கள். சிலுவையே தெரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

பாலினம், பால்நாட்டம், உடற்குறை ஆகியவற்றில் வரவேற்பு விரிந்தது கடைசி 30 ஆண்டுகளில். இங்கிலாந்து திருச்சபை 1994-இல் பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது. தன்பாலினத்தாரை முழு உறுப்பினராக ஏற்பதில் செயின்ட் மார்ட்டின் திருச்சபைத் தலைமையைவிட எப்போதும் முன்னால் நின்றது. 1995 முதல் 2011 வரை இங்கே குருவாக இருந்த நிக்கலஸ் ஹோல்ட்டம், சால்ஸ்பரி பேராயரான பின் 2012-இல் தன்பாலினத் திருமணத்தை வெளிப்படையாக ஆதரித்தார். பதவியிலிருந்த பேராயர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனால் சேகரம் திருச்சபையின் சட்டத்துக்குள்தான் இயங்க முடியும். அப்படிப்பட்ட தம்பதியருக்கு ஆலயத்தில் திருமணம் நடத்த இன்றும் அனுமதியில்லை. 2023 டிசம்பரிலிருந்து வழக்கமான ஆராதனைக்குள் ஆசி கூறும் ஜெபங்கள் சொல்லலாம் என்ற அளவில் விஷயம் நிற்கிறது. உடற்குறை உள்ளவர்கள் விஷயத்தில் சேகரத்தின் கை இவ்வளவு கட்டுண்டிருக்கவில்லை. 2012 முதல் ‘இன்க்ளூசிவ் சர்ச்’ அமைப்போடு சேர்ந்து ஆண்டுதோறும் நடக்கும் மாநாட்டில், உடற்குறை உள்ளவர்களே திட்டமிட்டு, தலைமை தாங்கி, பேசுகிறார்கள். அவர்களுக்காக மற்றவர்கள் பேசுவதில்லை.

2012-இல் குருவாக வந்த சாமுவேல் வெல்ஸ் இறையியலாளர். ஷெப்பர்ட் செயலாகச் செய்ததற்கு அவர் கோட்பாடு எழுதினார் எனலாம். ஏழைக்காக ஒன்றைச் செய்வதைவிட அவரோடு இருப்பது முதன்மையானது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2017-இல் அவர் தொடங்கிய ‘ஹார்ட்எட்ஜ்’ வலையமைப்பு வணிகம், கலை, இரக்கம், சபை வாழ்வு நான்கையும் ஒன்றாக நடத்தும் ஆலயங்களைப் பல நாடுகளில் இணைக்கிறது. சதுக்கத்தில் நிற்கும் ஆலயத்துக்குக் கைகூடியது ஆளரவமற்ற ஊர்க்கோடி ஆலயத்துக்குக் கைகூடுமா என்ற ஐயம் இந்த வலையமைப்பைத் தொடர்கிறது.

ஒவ்வொரு நவம்பரிலும், அந்த ஆண்டு லண்டன் தெருக்களிலும் விடுதிகளிலும் இறந்த வீடற்றவர்களுக்காக ஒரு நினைவு ஆராதனை நடக்கிறது. பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். வீடற்றிருந்த அனுபவமுள்ளவர்களின் பாடகர் குழுக்கள் பாடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சபையின் தொண்டர்கள் நடத்தும் இன்னொரு பணி, அடைக்கலம் கோரி வந்தும் அரசு உதவி பெறச் சட்டப்படி தகுதியில்லாதவர்களுக்கானது. தஞ்ச மனு தள்ளுபடியானவர்கள், வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள், எந்த நகராட்சியின் பொறுப்பிலும் சேராதவர்கள் அதற்கு வருகிறார்கள். சூடான சாப்பாடு, குளிக்க இடம், துணி துவைக்க வசதி, மாற்றுடை, ஆங்கிலப் பாடம் ஆகியவை கிடைக்கின்றன. அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை இப்போது உள்துறை அமைச்சகத்துடையது. வந்தவர்களில் சிலர் காலப்போக்கில் சபையின் உறுப்பினர்களாகி, பரிமாறும் பக்கம் போய் நின்றார்கள்.